ஒன்பதாம் பிரிவு

ஒப்பந்தம் எழுதுவது என் வேலை.
பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில்
வேதியியல் தெரியாத ஒருத்தி நான்.
முதல் தரப்பு, இரண்டாம் தரப்பு என்று எழுதுவேன்.
ஆறு எந்தத் தரப்பிலும் வராது,
அதற்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

தேபா ஆற்றின் வளைவில்
தண்ணீர்க் குழாய்களுக்குக் குரோமியம் பூசும் ஆலை.
அறுபத்திரண்டு பேர், பதினொரு தொட்டி.
உரிமையாளர் கார்மெலே உர்கியா
மற்ற பக்கங்களைப் புரட்டிவிட்டு நேரே ஒன்பதுக்கு வந்தார்:
"ஆய்வு முடிவை வெளியே சொல்லப் பதினெட்டு மாதம் ஆகட்டும்."
ஆறு என்றேன்.
"பக்கத்துப் பள்ளத்தாக்கில் எனக்கு ஒரு போட்டியாளர் உண்டு, தெரியுமா?"
பன்னிரண்டில் நின்றோம்.
மீன் சந்தையில்கூட இதைவிடச் சீக்கிரம் முடியும்.

ஆராய்ச்சி மாணவி இசாரோ
காதில் மஞ்சள் அடைப்பானும் கையில் தராசுமாகப் போனாள்.
ஆறு வாரம் அவள் செய்தது இவ்வளவுதான்:
தொட்டியிலிருந்து சட்டம் மேலெழுந்து நகரும்போது
அடியில் தட்டேந்தி
ஒழுகும் சொட்டுகளை எடை போட்டாள்.

சட்டத்தோடு போகிற கருஞ்சிவப்பு நீர்
அடுத்த தொட்டியைக் கெடுக்கும்,
அது கழுவுநீரைக் கெடுக்கும்,
கழுவுநீர் சேறாகி லாரி ஏறும்.
லாரி ஏறாத மிச்சம் எங்கே போகிறது என்பது
ஊருக்கே தெரியும், கணக்கேட்டுக்குத்தான் தெரியாது.

இசாரோ சொன்னாள்: இருபது நொடி.
தொட்டிக்கு மேலேயே சட்டம் இருபது நொடி நிற்கட்டும்.
சொட்டு தன் வீட்டுக்கே திரும்பிவிடும்,
பாதிக்குமேல்.

பேயோ சிரிக்கவில்லை.
இருபத்தாறு வருடமாகப் பாரந்தூக்கி ஓட்டுகிறவன்.
"ஷிஃப்டுக்கு முந்நூறு சட்டம்.
ஆறாயிரம் நொடி.
ஒரு மணி நாற்பது நிமிடம்.
அது யாருடைய நேரம், மகளே?"

ஒப்பந்தத்தை எடுத்துத் தேடினேன்.
காப்புரிமை இருந்தது, கருவிகளுக்குக் காப்பீடு இருந்தது,
பூகம்பம் வந்தால் என்ன என்பதுகூட இருந்தது.
அந்த நூறு நிமிடம் இல்லை.

மூன்று மாதம் மின்னஞ்சல்கள்தான் ஒழுகின.
பிறகு ஒரு சனிக்கிழமை
கழித்துப்போட்ட எஃகுக் குழாயை அறுத்து
தொட்டிக்கு மேலே குறுக்காகப் பற்றவைத்தான் பேயோ.
சட்டத்தை அதில் மாட்டிவிட்டுப் பாரந்தூக்கி அடுத்ததற்குப் போகும்.
திரும்பி வரும்வரை அது தொங்கிச் சொட்டும்.
இருபது நொடி கேட்டவளுக்கு நாற்பது கிடைத்தது,
யாருடைய நேரமும் போகாமல்.

கண்டுபிடித்தவர் பெயர் என்ற கட்டத்தில் அவன் பெயரை எழுதினேன்.
கல்வித் தகுதி என்ற கட்டம் பாக்கி.
அதை இன்னும் நிரப்பவில்லை.

நிதி தந்தவர்கள் படம் கேட்டார்கள்,
முன்பு ஒன்று, பின்பு ஒன்று.
இசாரோ ஆற்றை இரண்டு முறை எடுத்து அனுப்பினாள்.
இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன:
பாலம், நாணல், ஒரு வாத்து.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
போடாததை எப்படி அளந்து காட்டுவது?

அன்றிரவுதான் எனக்கு உறைத்தது.
பக்கத்துப் பள்ளத்தாக்கின் ஓடையும்
கீழே இதே ஆற்றில்தான் சேர்கிறது.
அங்கே இன்னும் ஒழுகுகிறது,
என் ஒன்பதாம் பிரிவு காவல் நிற்க,
பன்னிரண்டு மாதத்துக்கு.
அரைமணி நேரப் பேரத்தில் ஆறு மாதத்தைக் குறைத்தேன் என்று
அன்று எனக்கு நானே காப்பி வாங்கிக் குடித்திருந்தேன்.

எட்டாம் மாதம் கார்மெலே தொலைபேசியில் வந்தார்.
பேயோவின் மைத்துனன் அந்த ஆலையில்தான் வேலை,
ஞாயிறு மதியம் ஒரே மேசையில்தான் சாப்பாடு.
"இது மீறல் இல்லையா?"
பிரிவைப் படித்துக் காட்டினேன்.
வெளியீடு என்றுதான் இருக்கிறது,
சாப்பாட்டு மேசை வெளியீட்டில் சேராது.
நீண்ட மௌனம்.
அந்த மௌனத்தில் பின்னால்
பாரந்தூக்கி நகரும் ஓசை.
"இரண்டாம் ஆண்டுக்கு ஒப்பந்தம் அனுப்புங்கள்" என்று வைத்துவிட்டார்.

பக்கத்துப் பள்ளத்தாக்கிலும் இப்போது
தொட்டிக்கு மேலே ஒரு குழாய் குறுக்கே கிடக்கிறது
என்று கேள்வி.
நான் கேள்விப்படவில்லை.